அரசுப் பத்திரத்தை வைத்துக்கொண்டே ஒரு வங்கி எப்படிக் கவிழும்?

அரைப்பக்கம்:

வணக்கம். பொருளாதாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு. வங்கி நெருக்கடி வந்த பிறகு அரசுகள் போடும் விதிகளைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். 2008 ஓரளவு பிடிபட்டுவிட்டது. கட்ட வக்கில்லாதவருக்கெல்லாம் வீட்டுக்கடன், அந்தக் கடன்களைப் பொட்டலம் கட்டி விற்றது, லேமன் பிரதர்ஸ் திவால், ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர், 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம், அப்புறம் 2010இல் வங்கிகளை இறுக்கிய டாட்-ஃபிராங்க் சட்டம், வங்கிகளுக்கான சர்வதேச பாசல் 3 விதிகள். கண்டபடி கடன் கொடுத்தார்கள், மூழ்கினார்கள். கதை நேராக இருக்கிறது.

நான் முட்டிக்கொண்டு நிற்பது 2023இல். சிலிக்கான் வேலி பேங்க் (எஸ்விபி) கண்டபடி கடன் கொடுத்துக் கெடவில்லை. சேர்ந்த டெபாசிட்டில் பாதிக்கு மேல் அமெரிக்க அரசுப் பத்திரத்திலும், அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரத்திலும் போட்டிருந்தது. இதைவிடப் பத்திரமான பத்திரம் உலகத்தில் இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த வங்கி மார்ச் 8 புதன்கிழமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மார்ச் 10 வெள்ளிக்கிழமை மூடிவிட்டார்கள்.

என் சந்தேகங்கள்: பத்திரத்தில் நஷ்டம் எங்கிருந்து வந்தது? மூலதன விகிதம் கூடுதலாக இருந்திருந்தால் தப்பியிருக்குமா? எங்கள் வகுப்பில் ஒருவர், "மூலதனத்தை ஏற்றினால் அவ்வளவு பணமும் வங்கிக்குள் முடங்கிப்போகும், தொழிலுக்குக் கடன் கிடைக்காது" என்று அடித்துப் பேசுகிறார். அது சரியா? காப்பீட்டு வரம்பைத் தாண்டிய டெபாசிட்டையும் மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை அரசு காப்பாற்றிக் கொடுத்தது நியாயமா?

வங்கிக்குள் வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். செய்திக் கட்டுரைகள் நிறையப் படித்துவிட்டேன், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கின்றன.


நேர்கோடு:

இதில் என்ன புதிர்? 2018இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 5,000 கோடி டாலர் சொத்து சேர்ந்தாலே தொடங்கிய கடும் கண்காணிப்பை 25,000 கோடிக்குத் தள்ளி வைத்தார்கள். எஸ்விபி 2022 கடைசியில் சுமார் 20,900 கோடி. வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் மீன் நழுவத்தான் செய்யும். அந்த வரம்பை ஏற்றச் சொல்லி 2015இலேயே செனட் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவர் அந்த வங்கியின் தலைமை அதிகாரிதான். கட்டுரைக்கு இது போதும்.


பழைய பேரேடு:

நேர்கோடு சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் மதிப்பெண் வரும், விஷயம் வராது.

நான் இருபத்தாறு வருடம் வங்கியில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் சொத்து-பொறுப்பு மேலாண்மைப் பிரிவு. உள்ளே ஏஎல்எம் என்போம். கடன் கொடுக்கும் பிரிவு, வசூல் பிரிவு என்றால் எல்லோருக்கும் புரியும். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்கே என்னால் விளக்க முடிந்ததில்லை. இன்று வாங்கிய பணம் எப்போது திரும்பிப் போகும், இன்று கொடுத்த பணம் எப்போது திரும்பி வரும், நடுவில் வட்டி மாறினால் யார் தலையில் விடியும் என்று மாதாமாதம் கணக்குப் போடுவது. எஸ்விபி விழுந்தது முழுக்க முழுக்க எங்கள் வேலையில்தான்.

முதலில் பத்திரக் கணக்கு. முக மதிப்பு 100, பத்து வருடம், வருடத்துக்கு 1.5% வட்டி. இப்படி ஒரு பத்திரத்தை வாங்கிவிட்டீர்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே புதுப் பத்திரங்கள் 4.5% தருகின்றன. உங்களுடைய 1.5 பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்? பத்து வருட வட்டியையும் அசலையும் 4.5 வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 76 சொச்சம் வரும். அரசு ஏமாற்றவில்லை, ஒரு தவணை தவறவில்லை, ஆனாலும் 24 போய்விட்டது. பாடத்தில் "பத்திரமானது" என்று சொல்வது பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். இடையில் விற்க வேண்டிவந்தால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

எஸ்விபியின் டெபாசிட் 2019 கடைசியில் சுமார் 6,200 கோடி டாலர். 2021 கடைசியில் 18,900 கோடி. வட்டி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த இரண்டு வருடத்தில் மும்மடங்கு. வந்து குவிந்த பணத்தை நீண்ட காலப் பத்திரத்தில் கொட்டினார்கள், ஏனென்றால் அங்கேதான் கொஞ்சமாவது வட்டி கிடைத்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 4.5–4.75%. மேலே போட்ட கணக்கை அப்படியே பொருத்திப் பாருங்கள்.

"நஷ்டத்தை மறைத்தார்களா?" என்று அடுத்து கேட்பீர்கள். மறைக்கவே இல்லை. கணக்கு முறை பத்திரங்களை வெவ்வேறு பெட்டியில் போட அனுமதிக்கிறது. விற்றாலும் விற்பேன் என்பது ஒரு பெட்டி, அதைச் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும். முதிர்வு வரை வைத்திருப்பேன் என்று உறுதி சொன்னால் இன்னொரு பெட்டி, அங்கே வாங்கிய விலையிலேயே காட்டலாம். எஸ்விபியின் இரண்டாவது பெட்டியில் சுமார் 9,100 கோடி டாலர். 2022 ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பில் அந்த வரியிலேயே, அடைப்புக்குறிக்குள், சந்தை மதிப்பு சுமார் 7,600 கோடி என்று அச்சிட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 1,500 கோடி. பங்குதாரர் பணம் மொத்தமே சுமார் 1,600 கோடி. அந்த அடைப்புக்குறியைப் படித்த யாருக்கும் தெரிந்திருக்கும். படிக்கத்தான் ஆளில்லை. நானும் வங்கி விழுந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

இரண்டாவது பெட்டியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து விற்றால் "முதிர்வு வரை" என்ற பேச்சே பொய்யாகி, பெட்டி முழுவதையும் சந்தை மதிப்புக்கு மாற்ற வேண்டிவரும். அதனால்தான் முதல் பெட்டியில் இருந்த 2,100 கோடியை விற்று, 180 கோடி நஷ்டத்தை ஏற்று, 225 கோடி புது மூலதனம் திரட்டப் போகிறோம் என்று மார்ச் 8இல் அறிவித்தார்கள். அவர்கள் சொல்ல நினைத்தது "நிலைமையைச் சரிசெய்துவிட்டோம்". வாடிக்கையாளர் காதில் விழுந்தது "இரண்டாவது பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்". மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் 10,000 கோடி வரிசையில் நின்றது. 2008இல் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியை மூடுவதற்கு முன் பத்து நாளில் போனது 1,670 கோடி. அப்போது கிளைக்கு நடந்து போக வேண்டியிருந்தது.

மூலதனம் பற்றி. உங்கள் வகுப்பு நண்பரைத் திட்டாதீர்கள், அந்த வாக்கியத்தை வங்கித் தலைவர்கள் சொல்லியே கேட்டிருக்கிறேன். மூலதனம் என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பணம் கிடையாது. வங்கி 100 கடன் கொடுத்திருக்கிறது, அதில் 92 டெபாசிட்காரர் பணம், 8 பங்குதாரர் பணம். விகிதத்தை 15 ஆக்கினால் 85 டெபாசிட்காரருடையது, 15 பங்குதாரருடையது. அந்த 100ம் கடனாகத்தான் இருக்கிறது. நஷ்டம் வந்தால் யார் பணம் முதலில் கரையும் என்பது மட்டும் மாறுகிறது. லாபம் 1 என்றால் 8க்கு 12.5% கிடைத்தது, 15க்கு 6.7% கிடைக்கும் (வட்டிச் செலவு குறைவதால் கொஞ்சம் கூடும், அதை விடுங்கள்). வலி அந்தச் சதவீதத்தில்தான், ஏனென்றால் மேலதிகாரிகளின் ஊக்கத்தொகை அதில் தொங்குகிறது.

நண்பர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. விகிதத்தை அவசரமாக ஏற்றச் சொன்னால் வங்கி புதுப் பங்கு விற்காது, கடன் கொடுப்பதைத்தான் சுருக்கும், அது சுலபம். நெருக்கடி நடுவில் ஏற்றினால் ஊரே படுத்துவிடும். நல்ல காலத்தில் ஏற்றி கெட்ட காலத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றுதான் பாசல் 3இல் 0 முதல் 2.5% வரை ஒரு தனி மெத்தை வைத்தார்கள். நல்ல காலத்தில் ஏற்ற வாய் வரவேண்டுமே!

மூலதனம் நஷ்டத்தைத் தாங்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடி வரும் ஓட்டத்தைத் தாங்காது. எஸ்விபி விழுந்து ஒன்பதாவது நாள் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கியை அதன் போட்டி வங்கி யூபிஎஸ் 300 கோடி ஃபிராங்குக்கு வாங்க ஒப்புக்கொண்டது. 2022 கடைசியில் கிரெடிட் சுவிஸின் முதல்தர மூலதன விகிதம் 14.1%. தேவைக்கு மேல். காகிதத்தில் எல்லாப் பாடத்திலும் பாஸ்.

கை வலிக்கிறது. மிச்சத்தை இரவு எழுதுகிறேன், முக்கியமானது இனிமேல்தான்.


சம்பளநாள்:

பேரேடு அவர்கள் வரும்வரை கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் வங்கி ஆள் இல்லை, நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். அமெரிக்க டெபாசிட் காப்பீட்டு வரம்பு ஒரு வங்கியில் ஒரு டெபாசிட்காரருக்கு 2,50,000 டாலர். தனி மனிதருக்கு அது பெரிய தொகை. ஒரு நிறுவனத்துக்கு? மாதக் கடைசியில் சம்பளம், வரி, சரக்குக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் சேர்ந்து மூன்று நாள் ஒரே கணக்கில் நிற்கும். அந்த மூன்று நாளில் வங்கி மூடினால் வரம்புக்கு மேலே உள்ளது போச்சு. நான் என்ன, வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் அடைப்புக்குறியைத் தேடிப் படித்துவிட்டா கணக்குத் திறக்க முடியும்? பேரேடு அவர்களே படிக்கவில்லை என்கிறார்!

எஸ்விபி டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வரம்புக்கு அப்பாற்பட்டது. அதை "பணக்காரர்களைக் காப்பாற்றினார்கள்" என்று எழுதுவது எனக்கு எரிச்சல். அந்தப் பணத்தில் பாதி யாரோ ஒருவருடைய அடுத்த மாதச் சம்பளமாக இருந்திருக்கும்.


நேர்கோடு:

அப்படியானால் எல்லா டெபாசிட்டுக்கும் வரம்பில்லாமல் உத்தரவாதம் கொடுத்துவிடலாமே? 2008 செப்டம்பரில் அயர்லாந்து ஆறு வங்கிகளுக்கு அப்படித்தான் கொடுத்தது, டெபாசிட் மட்டுமில்லாமல் பத்திரக் கடனுக்கும் சேர்த்து. வங்கிகளைத் தூக்கி நிறுத்த 6,400 கோடி யூரோ போனது, 2010 கடைசியில் நாடே கடன் கேட்டு நின்றது. லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு.


பழைய பேரேடு:

சம்பளநாள் என்னை நன்றாகக் குத்திவிட்டார், ஏற்றுக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒரு எக்செல் கட்டத்தைப் பற்றியது.

சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தை வாடிக்கையாளர் இன்றே எடுக்கலாம். ஆனால் எல்லோரும் எடுப்பதில்லை, வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே வங்கி ஒரு கணிப்பு வைத்துக்கொள்கிறது: இந்தப் பணம் சராசரியாக இத்தனை வருடம் நிற்கும். இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத எண். பழைய கணக்குகளை அலசி நாங்கள் போடுவதுதான். ஆனால் வட்டி அபாயக் கணக்கு முழுவதும் இதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பணம் நீண்ட காலம் நிற்கும் என்று போட்டால், பத்து வருடப் பத்திரம் வாங்கியது பொருத்தமாகத் தெரியும். சீக்கிரம் போய்விடும் என்று போட்டால் அதே பத்திரம் சூதாட்டமாகத் தெரியும். பேரேட்டில் ஒரு பைசா மாறவில்லை, நிறம் மட்டும் மாறும்.

ஒரு காலாண்டில் என் தாளில் சிவப்பு வந்தது. வட்டி திடீரென்று 2% ஏறினால் வங்கியின் மதிப்பு எவ்வளவு சரியும் என்ற கணக்கு. எங்கள் இயக்குநர் குழு வைத்திருந்த எல்லை 15%. எனக்கு வந்தது 17க்கு மேல். எல்லை மீறினால் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும், பத்திரத்தை விற்றோ வேறு வழியிலோ அபாயத்தைக் குறைக்க வேண்டும். விற்றால் அந்தக் காலாண்டு லாபம் அடிபடும். குழுக் கூட்டம் மறுநாள் காலை பதினோரு மணிக்கு.

மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர், நான் வேலை கற்றுக்கொண்டதே அவரிடம். "சேமிப்புக் கணக்கு எத்தனை வருடம் நிற்கும்னு போட்டிருக்கீங்க?" "3.2 சார்." "அது ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த கணக்குதானே? இப்போ ஜனங்க அவ்வளவு சீக்கிரம் எடுக்கறதில்லையே." உண்மைதான், வட்டி அடிமட்டத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டு போக வேறு இடமில்லை. "4.6 போட்டுப் பாருங்க." போட்டேன். 11 வந்தது. சிவப்புக் கட்டம் பச்சை ஆனது. "இதுதான் யதார்த்தம்" என்றார். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை, புதுத் தரவு வைத்துக் கணிப்பைத் திருத்தியிருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். எல்லை மீறாத மாதத்தில் அந்தக் கணிப்பைத் திருத்த யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

எங்கள் வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறமும் வட்டி ஏறவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

2023 ஏப்ரல் 28இல் ஃபெடின் மேற்பார்வைக்கான துணைத் தலைவர் மைக்கேல் பார் எஸ்விபி பற்றிய ஆய்வை வெளியிட்டார். நூறு பக்கத்துக்கு மேல். பொழுதுபோகாமல் படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2022 ஏப்ரலில் எஸ்விபியின் வட்டி அபாய எல்லை மீறியிருக்கிறது. அபாயத்தைக் குறைக்காமல், டெபாசிட் எத்தனை காலம் நிற்கும் என்ற கணிப்பை மாற்றியிருக்கிறார்கள். எல்லை மீறல் மறைந்துவிட்டது. அதே கட்டம்! எங்கோ கண் தெரியாத ஊரில், நான் பார்த்தறியாத ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றிருப்பார்.

எங்களிடம் 3.2ஐ 4.6 ஆக்கியபோது பணம் உண்மையிலேயே நின்றது. அவர்கள் மாற்றிய நேரத்தில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வெளியே 4% கிடைக்கும்போது எவன் சும்மா விட்டு வைப்பான்? அதற்கு மேல், அவர்களுடைய வாடிக்கையாளர்கள் ஒரே தொழில் வட்டம், ஒருவர் அலைபேசியில் இன்னொருவர் எண் இருக்கும். ஆயிரம் கணக்கு என்று எண்ணியது உண்மையில் ஒரே கணக்கு போல நகர்ந்தது. இடையில் வட்டி அபாயத்துக்காக வாங்கி வைத்திருந்த காப்பு ஒப்பந்தங்களையும் கழற்றிவிட்டார்கள். 2022இல் பல மாதம் இடர் மேலாண்மைத் தலைவர் நாற்காலியே காலி.

இப்போது நேர்கோடுக்கு வருகிறேன். தளர்த்தாத பழைய விதியே இருந்திருந்தால்? 30 நாள் ஓட்டத்தைத் தாங்கக் கையில் எவ்வளவு வேண்டும் என்ற விதியில் 2022 டிசம்பரில் எஸ்விபிக்கு சுமார் 9% பற்றாக்குறை காட்டியிருக்கும் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒரு மணி அடித்திருக்கும், சரிதான். ஆனால் மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருந்தது. மேற்பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்து, தீர்க்கப்படாமல் கிடந்த குறைகள் மட்டும் 31. ஒத்த வங்கிகளுக்கு இருந்ததைப்போல் மூன்று மடங்கு. முப்பத்திரண்டாவதாக ஒன்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். 30 நாள் விதியும் பணம் ஒரு மாதத்தில் சொட்டுச் சொட்டாகப் போகும் என்று நினைத்து எழுதியது, இது முப்பத்தாறு மணி நேரத்தில் போனது.

கட்டுரைக்கு உருப்படியான ஒன்று வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாசல் குழு 2016இலேயே அந்தக் கட்டத்துக்கு வேலி போட்டது. நிலையான தரமுறையில், சிறு வாடிக்கையாளரின் புழங்கும் கணக்கில்கூட 90 சதவீதத்துக்கு மேல் "நிற்கும் பணம்" என்று சொல்லக் கூடாது, சராசரி 5 வருடத்துக்கு மேல் போடக் கூடாது. நிறுவனங்களின் பணமென்றால் பாதிதான், 4 வருடம்தான். வங்கி மதிப்பு சரிவு முதல்தர மூலதனத்தில் 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வங்கியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா இதைக் கட்டாய விதியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 சட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், இதைப் பற்றி எழுத ஆள் குறைவு, ஏனென்றால் படிக்கவே தூக்கம் வரும்.


அரைப்பக்கம்:

சார், ரொம்ப நன்றி. (தம்பியா தங்கையா என்று யாரும் கேட்கும் முன்: தங்கை.) அந்தக் கட்டம் விஷயம் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை.

இன்னும் ஒன்று. ஒரு பக்கம் விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் அதனால் அடிபட்ட வங்கிகளுக்குத் தாராளமாகக் கடன் தருகிறார்கள். இது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பது இல்லையா? காப்பீடு பற்றி நீங்கள் எந்தப் பக்கம்?


பழைய பேரேடு:

அம்மா, பிரேக் உவமை அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் இல்லை. வட்டி என்பது நாடு முழுவதுக்குமான பணத்தின் விலை. வங்கிக்குத் தரும் அவசரக் கடன் என்பது ஒரு நாள் கதவு அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஆப்பு. 2023 மார்ச் 16இல், கிரெடிட் சுவிஸ் ஆடிக்கொண்டிருந்த வாரத்தில், ஐரோப்பிய மத்திய வங்கி அரை சதவீதம் ஏற்றியது. ஃபெட் 22ஆம் தேதி கால் சதவீதம். இரண்டு வேலையையும் பிரித்துச் செய்ய முடியும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எனக்கு உறுத்துவது அந்தக் கடனின் நிபந்தனை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் வால்டர் பேஜட் சொன்ன பழைய விதி: பீதி வந்தால் மத்திய வங்கி தாராளமாகக் கடன் தரட்டும், ஆனால் உயர்ந்த வட்டிக்கு, நல்ல அடமானத்தின் மேல். மார்ச் 12இல் ஃபெட் திறந்த திட்டத்தில் பத்திரத்தை முக மதிப்புக்கே அடமானமாக எடுத்துக்கொண்டார்கள். என் கணக்கில் 76க்குத்தான் போகும் என்று சொன்ன பத்திரத்துக்கு 100 கடன், ஒரு வருடத்துக்கு. தீயை அணைக்க வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறை ஏஎல்எம் ஆட்கள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதில் இன்னொரு சின்ன விஷயம். மத்திய வங்கியின் வழக்கமான அவசரக் கடன் சன்னல் எஸ்விபிக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் அடமானமாகக் கொடுக்க வேண்டிய பத்திரங்கள் அங்கே போய்ச் சேரவில்லை, வியாழக்கிழமை ராத்திரி அவற்றை மாற்றத் தவித்துக்கொண்டிருந்தார்கள். 2022 முழுவதும் ஒரு தடவைகூட சோதனைக்காகக் கடன் எடுத்துப் பார்க்கவில்லையாம். தீயணைப்பான் சுவரில் மாட்டியிருக்கிறது, முள்ளைப் பிடுங்கத் தெரியவில்லை.

காப்பீட்டுக்கு வருகிறேன். சம்பளநாள் சொல்வது சரி, நேர்கோடு சொல்லும் அயர்லாந்துக் கணக்கும் சரி. நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன்: பாதிக் காப்பீடு ஆகாது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் வரிசை நின்றதே, அதற்கு முன் அந்த நாட்டில் அப்படி நடந்தது 1866இல். அந்தச் சமயத்து விதி என்ன தெரியுமா? முதல் 2,000 பவுண்டுக்கு முழுக் காப்பு, அடுத்த 33,000க்கு 90% காப்பு. டெபாசிட்காரரும் கொஞ்சம் நஷ்டத்தைப் பங்கிட்டால் வங்கியைக் கவனிப்பார் என்று யாரோ புத்திசாலி எழுதியிருக்கிறார். கவனித்தார்களே! பத்தில் ஒரு பங்கு போகும் என்று தெரிந்தவன் வரிசையில் நிற்காமல் என்ன செய்வான்? 17ஆம் தேதி அரசு முழு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. அடுத்த மாதமே 35,000 வரை முழுக் காப்பு என்று விதியை மாற்றினார்கள்.

2013 மார்ச்சில் சைப்ரஸ் அதைவிட மோசமாகப் போக இருந்தது. 1,00,000 யூரோவுக்குள் உள்ள, காப்பீடு உண்டு என்று சொல்லி வாங்கிய டெபாசிட்டிலேயே 6.75% பிடிக்கத் திட்டம் போட்டார்கள். நாடாளுமன்றம் தூக்கி எறிந்தது, நல்ல வேளை. பிறகு வரம்புக்கு மேலே இருந்தவர்கள் மட்டும் அடிபட்டார்கள், பேங்க் ஆஃப் சைப்ரஸில் அந்தப் பணத்தில் 47.5% பங்காக மாறிப்போனது. கொடூரம்தான். ஆனால் சொன்ன வரம்பு நின்றது.

ஆகவே சம்பளநாள் மாதிரி ஆட்களின் சம்பளக் கணக்குக்குத் தனியாக உயர்ந்த வரம்பு வைக்கலாம் என்பது என் கட்சி. எஸ்விபியில் செய்தது போல வெள்ளிக்கிழமை வரம்பு உண்டு, ஞாயிற்றுக்கிழமை வரம்பு இல்லை என்றால், அடுத்த தடவை ஒவ்வொரு வங்கிக்காரனும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்ப்பான். பங்குதாரர்கள் துடைத்தெறியப்பட்டார்கள், காப்பீட்டு நிதிக்கு ஆன செலவை மற்ற வங்கிகளிடம் வசூலிக்க முடிவு செய்தார்கள், அதெல்லாம் சரி. வரம்பு எங்கே என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.


நேர்கோடு:

விதியை எழுதுவது இருக்கட்டும், நிற்கிறதா பாருங்கள். 2023 ஜூலையில் பெரிய வங்கிகளின் மூலதனத்தை மொத்தமாக 16% வரை ஏற்றும் முன்மொழிவு வந்தது. கடன் செத்துவிடும் என்று வங்கிகள் விளம்பரமே கொடுத்தன. 2024 செப்டம்பரில் அதே பார் வந்து 9% போதும் என்றார். இன்னும் நாலு வருடம் அமைதியாக இருந்தால் பூஜ்யம்.


பழைய பேரேடு:

இதில் உங்களோடு சண்டை இல்லை.


அரைப்பக்கம்:

சார், கடைசியாக ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 3.2ஐ 4.6 ஆக்கினீர்களே, அதை எங்காவது எழுதி வைத்தீர்களா? ஆய்வாளர் யாரும் கேட்கவில்லையா?


பழைய பேரேடு:

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது, கேட்க வேண்டிய கேள்விதான்.

எழுதினேன். கணிப்புகளுக்கென்று கடைசியில் ஒரு தாள் உண்டு, அதில் குறிப்புப் பத்தியில் "நிர்வாக மதிப்பீட்டின்படி திருத்தப்பட்டது" என்று போட்டேன். தேதி போட்டேன். பழைய எண்ணைப் போடவில்லை. உள் தணிக்கையாளர் வந்தபோது அந்தத் தாளில் தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் இருந்தன. பென்சிலால் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். நான் ஓய்வு பெறும் நாளிலும் அந்தக் கட்டத்தில் 4.6தான் இருந்தது.